வள்ளி குருவி விரட்டுற ராத்திரி

ரெண்டு வாரமா எழுத நேரமே வாய்க்கலை. நெல்லு அறுத்து, வைக்கோலைப் படப்பு போட்டு, களத்தைக் கூட்டி முடிக்கவே பொழுது சரியாப் போச்சு. அறுப்பு முடிஞ்சா எங்க ஊர்ல அடுத்த வேலை திருவிழாக் கூட்டம் போடுறது. வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவுல இருக்கிற எல்லா ஊருக்கும் இது பொதுவான வழக்கம். தலைக்கட்டு வரி எவ்வளவு, முளைப்பாரி யார் எடுக்கிறது, எந்த நாடகம் போடுறதுன்னு பேசி முடிவு பண்ணுவாங்க.

இந்தத் தடவை கூட்டத்துல மூணாவது விசயத்துக்குத்தான் சண்டை. திருப்பூர்ல வேலை பாக்கிற தம்பி ஒருத்தன் எந்திரிச்சான். "நாடகம் எதுக்குண்ணே? வள்ளி திருமணம் யூடியூப்ல எத்தனையோ கிடக்கு. பெரிய எல்.இ.டி. திரை கட்டி நல்லதா ஒண்ணை ஓட்டிவிட்டா பாதிச் செலவு மிச்சம். நடிகருக்குச் சாப்பாடு, வண்டி, தங்குற இடம்னு அலைய வேண்டாம்ல?" அப்படின்னான்.

பெருசுக சத்தம் போட்டாங்க. ஆனா அவன் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. நானும் சொல்லலை. ராத்திரி கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கும்போதுதான் யோசிச்சேன். கேள்வி நியாயமானதுதான். நூறு வருசமா இந்தச் சீமையில நாடகத்தையும் படத்தையும் மாத்தி மாத்தித்தான் பாத்துக்கிட்டு வர்றோம். எதுல எது கிடைச்சது, எது காணாமப் போச்சுன்னு கணக்குப் பாக்கலாம்னு தோணுச்சு. அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல பட்டணத்து ஆளுகளுக்காக ஒரு விளக்கம். நீங்க சபாவுல பாக்கிற ரெண்டு மணி நேர நாடகம் வேற, இது வேற. எங்க பக்கம் 'ஸ்பெஷல் நாடகம்'னு சொல்லுவோம். படிச்சவங்க இசை நாடகம்பாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியத்தான் முடியும். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர்ல இருந்து வரும். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டுன்னு ஆளாளுக்குத் தனித்தனியா அட்வான்ஸ் குடுத்துப் பேசணும். சில பேர் அன்னைக்கு மேடைக்குப் பின்னாடிதான் முதல் தடவையா முகம் பாத்துக்குவாங்க. ஆனாலும் எட்டு மணி நேரம் நாடகம் ஓடும். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம், அதனாலதான்.

அந்தக் கதையையும் பாட்டையும் குடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தவர். உப்பளத்துல கணக்கு எழுதிக்கிட்டு இருந்துட்டு, இருபத்துநாலு வயசுல நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷம்தான் அவருக்கு வாய்ச்சது. அவர் சனீஸ்வரன் வேஷத்துல வந்ததைப் பாத்து ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்குக் கர்ப்பம் கலைஞ்சு போச்சுன்னும், அதோட வேஷம் கட்டுறதை விட்டுட்டார்னும் இன்னைக்கும் நடிகர்கள் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எழுத்தும் பயிற்சியும்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் கைப்பட்டவை. 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில எழுதினார்னு அவர்கிட்டப் படிச்ச டி.கே.சண்முகம் சொல்லியிருக்கார்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இன்னைக்கு ஸ்பெஷல் நாடகத்துக்காரங்க குருவாக் கும்பிடுற இந்த மனுசனுக்கு, பெரிய நடிகர்கள் இஷ்டத்துக்குப் பேசுறது பிடிக்கவே இல்லை. மேடையில ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டுறதும், பாட்டை நீட்டுறதும், கதையை விட்டு விலகுறதும் அவருக்கு ஆகலை. எழுதினதை எழுதின மாதிரி சொல்லணும்னு பையன்களை வச்சுப் பாய்ஸ் கம்பெனி நடத்தினார். 1918ல மதுரையில அவர் ஆரம்பிச்சதுதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கதான் சேர்ந்தாங்க. கடைசிக் காலத்துல பக்கவாதம் வந்து பேச்சும் போயி, 1922ல புதுச்சேரியில காலமானார். வாய்மொழியைக் கட்டுக்குள்ள வைக்க அவ்வளவு பாடுபட்டவரோட பாட்டுக, ராத்திரிக்கு ராத்திரி மாத்திப் பேசுற நடிகர்களோட வாயிலதான் இன்னைக்கும் உசுரோட இருக்கு.

இனி எங்க ஊர் மேடைக்கு வருவோம்.

கதைகள்ல பாதி எங்க மண்ணுக் கதை. கோவலன் வெட்டுப்பட்டது மதுரையில. பவளக்கொடியில வர்ற அல்லி, மதுரையை ஆண்ட அரசி. ஆனாலும் எங்க ஊருக்கு வள்ளி திருமணம்தான் மொத நாடகம். காரணம் பக்தி மட்டும் இல்லை. வள்ளி யாரு? தினைப்புனத்துல பரண் மேல நின்னு, கவண் கல்லு வீசிக் குருவி விரட்டுற பொண்ணு. அது எங்க வேலை. எங்க அப்பத்தா கம்மங்கொல்லையில தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டின ஆளு. வள்ளி பரண்ல ஏறினதும் அப்பத்தா சொல்லும்: "இவ நல்லாப் பாடுறா, ஆனா கவண் புடிக்கத் தெரியலை." அரங்கத்துல ஒரு நாற்காலிக்காரர் சொல்ற விமர்சனம் இல்ல அது, வேலை தெரிஞ்சவ சொல்றது.

இந்தக் குருவி விரட்டுற பாட்டுலதான் ஒரு பெரிய அரசியலும் ஒளிஞ்சு இருந்தது. விஸ்வநாத தாஸ் பேரைச் சில பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1886ல சிவகாசியில பிறந்து, திருமங்கலத்துல வாழ்ந்தவர். அங்க அவர் வீடு இப்ப நினைவில்லமா இருக்கு. முடி திருத்துற குலத்துல பிறந்தவர்னு அவரோட சேர்ந்து நடிக்க மாட்டேன்னு சொன்ன நடிகைகள் உண்டு. ஆனா அவர் முருகனா வந்தா சனம் வண்டி கட்டிக்கிட்டு வந்து பாத்தது.

வள்ளி திருமணத்துல காட்டுப் பறவைகளை விரட்டுற இடத்துல, வெள்ளைக் கொக்கைப் பத்தி அவர் ஒரு பாட்டுப் பாடுவார். எந்த வெள்ளைக் கொக்குன்னு உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். முன்வரிசையில குறிப்பு எடுக்க உக்காந்திருந்த போலீசுக்கும் தெரியும். 1876லயே வெள்ளைக்காரன் நாடகத்துக்குன்னு தனிச் சட்டம் போட்டிருந்தான். நாடகத்தைத் தடை பண்ணலாம், நடிகரைப் பிடிக்கலாம். தாஸ் பல தடவை சிறைக்குப் போனார். வெளியில வந்தார், மறுபடி அதே வேஷம் கட்டினார், மறுபடி பாடினார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி, சென்னையில வள்ளி திருமணம் நடந்துக்கிட்டு இருக்கும்போது, முருகன் வேஷத்துல மேடையிலயே உசுரை விட்டார்.

ஒரு விசயத்தைக் கவனிங்க. கொக்கு விரட்டுறது கதையில இருக்கிற வேலைதான். அதுக்குள்ள என்ன அர்த்தத்தை வைக்கிறதுன்னு நடிகர் அந்த ராத்திரி, அந்தக் கூட்டத்தைப் பாத்து முடிவு பண்றார். போலீஸ் இன்னைக்குப் பிடிச்சாலும் நாளைக்கு அடுத்த ஊர்ல வேற வார்த்தையில வந்துரும். படத்துல அது முடியாது. படச்சுருள் ஒண்ணுதான். அதைத் தணிக்கைக்காரர் பாத்தாகணும், வேண்டாம்னா வெட்டலாம், மொத்தமா நிறுத்தவும் செய்யலாம். கே.சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939ல வந்தப்ப அதுதான் நடந்தது. படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அரசாங்கம் தடை போட்டது.

அதுக்காக, படம் நாடகத்தைக் கெடுத்துருச்சுன்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா நன்றிகெட்ட பேச்சு.

தமிழ் பேசும்படமே நாடகத்தோட இடுப்புல உக்காந்துதான் வந்தது. 1931ல முதல் பேசும்படம் 'காளிதாஸ்'ல நடிச்ச டி.பி.ராஜலட்சுமி மேடையில இருந்து வந்தவங்க. 1933ல அவங்களே வள்ளியா நடிச்சு 'வள்ளி திருமணம்' படமா வந்தது. அதுக்குப் பின்னாடி இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில ரயில்வே வேலையில இருந்த மனுசன், 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்டப் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராக் கூடாரம் போட்டுப் படம் காட்டினவர். அடுத்த வருசம், 1934ல, 'பவளக்கொடி' வந்தது. அதே கே.சுப்ரமணியத்துக்கு அது முதல் படம். எம்.கே.தியாகராஜ பாகவதருக்கும் எஸ்.டி.சுப்புலட்சுமிக்கும் அதுதான் முதல் படம். மேடையில சோடியா நடிச்சுப் பேரெடுத்தவங்களை அப்படியே கேமரா முன்னாடி கொண்டாந்து நிறுத்தினாங்க. ஏறக்குறைய 50 பாட்டு. இன்னைக்கு உங்களுக்கு மலைப்பா இருக்கும். விடிய விடிய நாடகம் பாத்த சனத்துக்கு அது சுருக்கின கணக்குத்தான்.

படம் என்ன நல்லது பண்ணுச்சுன்னு கேட்டா, கிட்டப்பாவை நினைச்சுப் பாருங்க. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைக்கும் கேக்கிற மாதிரி பாடினவர். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடிச்ச வள்ளி திருமணத்தைப் பத்தி எங்க தாத்தா காலத்து ஆளுக கண்ணுல தண்ணி வச்சுப் பேசுவாங்க. 1933 டிசம்பர்ல, முப்பது வயசு ஆகறதுக்கு முன்னாடியே அவர் போய்ச் சேர்ந்துட்டார். பேசும்படம் வந்து ரெண்டு வருசம்தான் ஆகியிருந்தது. அவர் நடிப்பு ஒரு அடி படச்சுருள்ல கூட இல்லை. மிஞ்சினது இசைத்தட்டுல இருக்கிற குரல் மட்டும்தான். சுந்தராம்பாள் 1935ல 'நந்தனார்' படத்துல நடிச்சாங்க, அதுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினாங்க, 1953ல 'ஔவையார்' ஆனாங்க. அவங்களை நாம இன்னைக்கும் பாக்கலாம். பக்கத்துல நின்னு பாடினவரைப் பாக்க முடியாது. படம் இல்லாததோட நட்டம் இது.

ஆனா குரல் எப்படியோ வழி கண்டுபிடிச்சுப் போயிரும். கிட்டப்பா பாணியை இசைத்தட்டுல கேட்டு வளர்ந்தவர்கள்ல ஒருத்தர் எங்க பக்கத்து ஊர்க்காரர். வைகைக் கரையில, சோழவந்தானுக்கு எதிர்த்தாப்ல தென்கரை. அங்க பிறந்த டி.ஆர்.மகாலிங்கம், 1945ல ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில முருகனா நடிச்சார். கானகத்துல வள்ளியைத் தேடி வர்ற முருகனோட பாட்டை அவர் பாடினதுக்கு அப்புறம், எங்க பக்கத்து ராஜபார்ட்டு எல்லாரும் அந்த உச்சத்தை எட்டியாகணும்னு ஆகிப்போச்சு. எட்டலைன்னா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல உக்காந்திருக்கிற கிழவனுக தலையைத் திருப்பிக்குவானுக. மேடையில இருந்து இசைத்தட்டுக்கு, இசைத்தட்டுல இருந்து படத்துக்கு, படத்துல இருந்து மறுபடி எங்க ஊர் மேடைக்கு. மகாலிங்கமும் படம் குறைஞ்ச காலத்துல மேடைக்கே திரும்பி வந்து வேஷம் கட்டினார்.

அதே 'ஸ்ரீவள்ளி'யில இன்னொண்ணும் நடந்தது. வள்ளியா நடிச்சவர் குமாரி ருக்மணி. பாட்டு சரியா அமையலைன்னு, பி.ஏ.பெரியநாயகியைப் பாட வச்சு அந்தக் குரலை அவர் வாய்க்குச் சேர்த்தாங்க. படத்துல அது முடியும், நல்லாவும் இருக்கும். மேடையில வள்ளிக்குத் தொண்டை கட்டிக்கிட்டா என்ன பண்றது? ஒரு வருசம் எங்க ஊர்ல அது நடந்தது. ஸ்திரீபார்ட்டுக்கு மேல் பஞ்சமத்துல குரல் உடைஞ்சது. ஆர்மோனியக்காரர் சட்டுன்னு அந்த வரியை வாங்கித் தானே பாடி முடிச்சார். நாரதர் "காட்டுல கத்திக் கத்திக் குருவி விரட்டினதுல குழந்தைக்குக் குரல் போச்சு, அப்பன் நம்பிராஜன் ஒரு மாத்திரை வாங்கித் தரக் கூடாதா?"ன்னார். கூட்டம் சிரிச்சது. மேடை ஓரத்துல யாரோ சுக்குத்தண்ணி கொண்டு வந்து வச்சாங்க. அந்தம்மா குடிச்சிட்டு நாலு மணிக்குப் பாடினது இன்னும் என் காதுல இருக்கு.

நாடகத்தோட உசுர்நாடி நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம். மணி ரெண்டு மூணு ஆகும். சின்னப்பிள்ளைக சாக்குல சுருண்டு தூங்கும். அப்பதான் பெருசுக நிமிர்ந்து உக்காரும். நெல்லு விலை கெட்டுப்போன ஒரு வருசம், அன்னைக்கு வந்த நாரதர் கேட்டார்:

"ஏம்மா வள்ளி, குருவி ரெண்டு மணி திங்குது. அதைப் போயி கல்லால அடிக்கிறியே, பாவம் இல்லையா?"

"விதைச்சவன் பசிச்சிருக்கையில எடுத்துத் திங்கிறதுதான் சாமி பாவம்."

"அப்ப குருவியை எல்லாம் விரட்டிட்டா, விதைச்சவனுக்கு நிறைய மிஞ்சுமோ?"

வள்ளி ஒரு நொடி கூட்டத்தைப் பாத்துச்சு. "மிஞ்சும் சாமி. வைக்கோல்."

விசில் அடங்க ரெண்டு நிமிசம் ஆச்சு. எந்தப் புத்தகத்துலயும் இது இல்லை. மறுநாள் அடுத்த ஊர்ல அவங்க இதைப் பேசியிருக்க மாட்டாங்க. சாயங்காலம் டீக்கடையில எங்க ஆளுக புலம்பினதைக் கேட்டு வச்சிருந்து, ராத்திரி எங்களுக்கே திருப்பிக் குடுத்தாங்க. விஸ்வநாத தாஸ் பண்ணின வேலையும் இதே வேலைதான், அவர் விரட்டினது பெரிய கொக்கு.

இப்ப தம்பி சொன்ன யூடியூபுக்கு வர்றேன். பழைய படங்கள் எல்லாம் நாடகக் கதையைப் புதுசா நடிச்சு எடுத்தவை. நாடகத்தை நாடகமாவே, கூட்டத்தோட, மேடையில நடக்கும்போதே எடுக்கிற வழக்கம் வீடியோ வந்த பிறகுதான் எங்க பக்கம் பரவுச்சு. லண்டன்ல இருக்கிற நேஷனல் தியேட்டர் 2009ல இருந்து மேடை நாடகத்தை நேரடியா ஒளிபரப்பி உலகம் பூரா சினிமா தியேட்டர்ல காட்டுது. எங்க ஊர்ல கல்யாண வீடியோக்காரர் பண்றதும் கிட்டத்தட்ட அதேதான், டிக்கெட் மட்டும் இல்லை. துபாய்ல இருக்கிற என் மச்சான் பையன் போன வருசம் ராத்திரி பூரா போன்ல பாத்துட்டு, முருகன் கிழவனா வந்த இடத்துல போன் போட்டு அவங்க அம்மாகிட்டப் பேசினான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனா இன்னொரு பக்கம் இருக்கு. பபூனும் டான்ஸ்காரம்மாவும் பேசுற முதல் ஒரு மணி நேரத்துல கொச்சையும் இருக்கும். அது கூட்டத்தை இழுத்து உக்கார வைக்கிற வேலை. அதுல பத்து நிமிசத்தை மட்டும் வெட்டி, கேவலமான தலைப்புப் போட்டு ஏத்துறாங்க. அதுக்குத்தான் பார்வை கூடுது. எங்க ஊருக்கு வந்த ஒரு டான்ஸ் அம்மா சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எங்க வீட்டுல சொன்னாங்க: "மதினி, நான் பதினெட்டு வருசமா மேடை ஏறுறேன். பவளக்கொடி முழுசும் பாடுவேன். என் பிள்ளை பள்ளிக்கூடத்துல அந்தப் பத்து நிமிசத்தைத்தான் காட்டிச் சிரிக்குதுக." என் வீட்டுக்காரி பதில் சொல்ல முடியாம இன்னொரு கரண்டி சோறு வச்சா.

எட்டு மணி நேரம் உக்காந்து பாத்தவனுக்கு அந்தம்மா ஒரு கலைஞர். பத்து நிமிசத்தை வெட்டிப் பாத்தவனுக்கு வேற ஆளு. எனக்குப் படத்து மேல கோபம் இல்லை, இந்தக் கத்திரிக்கோல் மேலதான் கோபம்.

2020லயும் 2021லயும் கொரோனாவால சித்திரை, வைகாசி நாடகம் எல்லாம் நின்னு போச்சு. வருசத்துல நாலஞ்சு மாசம்தான் இவங்களுக்குப் பொழப்பு, அது ரெண்டு வருசமும் போச்சு. எங்க ஊர்ல நாரதர் வேஷம் கட்டின ஒருத்தர் ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியில வந்து எங்க தோட்டத்துக் கத்தரிக்காயை எடுத்துப் போயி தெருத்தெருவா வித்தார். அந்த ரெண்டு வருசமும் யூடியூப்ல அவர் நாடகம் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. அவருக்கு அதுல ஒத்தைப் பைசா வரலை.

அடுத்த கூட்டத்துல இதை எல்லாம் நான் இவ்வளவு நீளமாச் சொல்லலை. நாரதர் கத்தரிக்காய் வித்ததையும், 'வைக்கோல்'னு வள்ளி சொன்னதையும் மட்டும் சொன்னேன். "திரையில வர்ற வள்ளிக்கு நம்ம ஊர் நெல்லு விலை தெரியுமாடா?"ன்னு கேட்டேன். தம்பி சிரிச்சிட்டான். கடைசியில இப்படி முடிவாச்சு: நாடகம் உண்டு, எல்.இ.டி. திரையும் உண்டு. பின்னாடி உக்காந்திருக்கிற பெருசுகளுக்கு முகம் தெரியட்டும்னு மேடையில நடக்கிறதை அப்பவே திரையில காட்டுறது. வீடியோ எடுக்கிறவர் முழு நாடகத்தையும் ஏத்தலாம், துண்டு போட்டு ஏத்தக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிறது. அந்தக் காகிதத்தை எழுதின பொறுப்பு திருப்பூர்த் தம்பிக்கே விழுந்தது. போன வாரம் மதுரைக்குப் போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தோம். வர்ற வழியில தமுக்கத்துல சங்கரதாஸ் சுவாமிகள் சிலையைத் தம்பிக்குக் காட்டினேன். இத்தனை வருசமா அந்த வழியாத்தான் பஸ்ல போறானாம், யாரோ சாமியார்னு நினைச்சிருந்தானாம்.

வைகாசியில நாடகம். மதுரையைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் மாசியில இருந்து ஆடி வரைக்கும் சுவத்துல நடிகர் படம் போட்ட நோட்டீசைப் பாக்கலாம். டிக்கெட் இல்லை, யாரும் எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க. ஒரு பாயும் போர்வையும் கொண்டாங்க, விடியக்காலம் பனி இறங்கும். பபூன் முடிஞ்சதும் கிளம்பிராதீங்க. மூணு மணி வரைக்கும் முழிச்சிருந்து அந்தத் தர்க்கத்தைக் கேட்டுட்டுப் போங்க.